குழந்தையின் நடையைப் படம் பிடிக்க நானே செய்த கருவி

"வீட்டிலே இவ நடக்கிறதை வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா. இங்கே என் எதிரிலே நடக்கிற நடை வேற, வீட்டிலே நடக்கிற நடை வேற" என்று டாக்டர் சொன்னபோது, இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தேன். செல்போன் இல்லாத வீடு ஏது?

என் மகளுக்கு அப்போது நாலு வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. கால் தசைகளில் இறுக்கம் இருப்பதால் இரண்டு வயதுக்கு மேல்தான் நடக்கவே ஆரம்பித்தாள்; அதுவும் நுனிக்காலில். தினமும் இரண்டு வேளை கெண்டைக்கால் தசையை இழுத்துவிடும் பயிற்சி, ராத்திரியில் காலுக்கு ஸ்ப்ளின்ட் என்று போய்க்கொண்டிருந்தது. தசை இறுக்கம் தளர ஊசி போடுவதா, இல்லை பயிற்சியையே தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் அது. நாங்கள் இருப்பது விழுப்புரத்தில், டாக்டர் சென்னையில். மாதாமாதம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால்தான் இந்த வீடியோ யோசனை.

அன்று சாயங்காலமே தாழ்வாரத்தில் அவளை நடக்கவிட்டு, பக்கத்திலேயே நானும் நடந்து படம் பிடித்தேன். ராத்திரி என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பூகம்பம் வந்தப்போ எடுத்தியா?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் டாக்டரிடமிருந்து வந்த பதிலைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "கால் எங்கே இருக்குன்னே தெரியலையேம்மா. குதிகால் முதல்ல படுதா, விரல் முதல்ல படுதான்னு நான் பார்க்கணும்."

ஸ்டாண்டில் வைத்து எடுத்துப் பார்த்தோம். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுக்க அது போதும். பக்கவாட்டில் எடுக்கும்போதுதான் தகராறு. குழந்தை காமிராவுக்கு நேர் எதிரே வருவது இரண்டு அடிதான். அதற்கு முன்னும் பின்னும் கோணல் பார்வை. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, குதிகால் எப்போது தரையில் படுகிறது என்பதெல்லாம் நேர் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே கூடவே நடந்துதான் ஆகவேண்டும். நடந்தால் படம் ஆடும்.

ஆடாமல் எடுக்க மோட்டார் வைத்த கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. விலை ஆயிரக்கணக்கில். எங்களுக்கு அது பயிற்சிக்கான மாதச் செலவு. வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். முடியாத சகோதரிகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கழைக்கூத்தாடியின் கம்பு

என் அண்ணன் மகன் பொறியியல் படிக்கிறவன். அவன்தான் விஷயத்தை விளக்கினான். "அத்தை, கழைக்கூத்தாடி கயிற்றுமேலே நடக்கிறப்போ நீளமா ஒரு கம்பு வெச்சிருக்கானே, ஏன்? கனம் ரெண்டு பக்கமும் தள்ளி இருந்தா சட்டுனு சாயாது. காமிராவுக்கும் அதேதான்."

அதாவது காமிரா ஒரு முனையில், அதற்குச் சமன் செய்யும் எடை இன்னொரு முனையில். இரண்டுக்கும் நடுவே, கனம் சமமாகும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய ஒரு மூட்டு. அந்த மூட்டில்தான் கைப்பிடி. நம் கை ஆடினாலும் அந்த ஆட்டம் மூட்டோடு நின்றுவிடும். மேலே காமிரா தன் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கும்.

இந்த எண்ணத்தை வைத்துச் சினிமாவையே மாற்றியவர் காரெட் பிரௌன் என்கிற அமெரிக்கக் காமிராக்காரர். அவருடைய 'ஸ்டெடிகாம்' 1975-ல் வெளிவந்தது. 1976-ல் வந்த 'ராக்கி' படத்தில் கதாநாயகன் படிக்கட்டில் ஓடி ஏறும் காட்சி அதில் எடுத்ததுதான். 1978-ல் அவருக்கு ஆஸ்கார் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. பின்னாளில் ஜானி சங் லீ என்பவர், 14 டாலர் செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓர் எளிய மாதிரியை வெளியிட்டார். அரை அங்குல இரும்புக் குழாய் மூன்று, மூடி, ஒரு டீ, உடற்பயிற்சிக்கான இரண்டரை பவுண்டு எடைத் தட்டு, சில போல்ட்டுகள், அவ்வளவுதான். அண்ணன் மகன் அந்தப் பட்டியலைத்தான் எழுதிக் கொடுத்தான்.

"ஆம்பளைங்க இல்லியாம்மா?"

பட்டியலோடு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "ஏம்மா, வீட்டிலே ஆம்பளைங்க இல்லியா? பிளம்பரை அனுப்புங்க" என்றார் அங்கிருந்தவர். குழாய் வாங்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ரோஷம் வந்துவிட்டது. "நான்தாங்க பிளம்பர். அரை இஞ்ச் ஜிஐ பைப், பத்து இஞ்ச்சுக்கு மூணு துண்டு, ரெண்டு பக்கமும் மரை போட்டுக் கொடுங்க" என்றேன். கொடுத்தார்.

ஆனால் செய்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. அந்த மாதிரி கனமான வீடியோ காமிராவுக்காகச் செய்யப்பட்டது. என் செல்போனோ 200 கிராம் இருந்தால் அதிகம். எடைத் தட்டே ஒரு கிலோவுக்கு மேல். குழாய்களும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

இங்கே இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையைத் தூக்கித் தூக்கி, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி வருவது பிள்ளை பெற்றவர்களுக்குச் சகஜம். அப்படி வலி இருப்பவர்கள் கனமான எதையும் ஒரே கையில் தூக்கிப் பிடிக்கக்கூடாது. கருவி அரை கிலோவுக்குள் இருந்தால்தான் நமக்குத் தேவலை.

எனவே இரும்புக் குழாயை மூலையில் சாத்திவிட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் நம்மூரிலேயே லேசான மாற்று தேட ஆரம்பித்தேன்.

எதற்கு எது?

முதுகெலும்பு: குழாய்க்குப் பதில் அலுமினியப் பட்டை. கதவு, தடுப்பு வேலை செய்கிற அலுமினியக் கடைகளில் வெட்டிப் போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கும். முக்கால் அங்குல அகலம், 3 மில்லிமீட்டர் கனம், ஒன்றரை அடி நீளம் போதும். அதைக் கதிர் அரிவாள் போல வளைக்க வேண்டும். மேல் முனை மூன்று அங்குலத்துக்குத் தட்டையாக இருக்கட்டும். அங்கேதான் செல்போன் உட்காரும். பிறகு முன்பக்கமாக வளைந்து இறங்கி, கீழ் முனை மறுபடி மேல் முனைக்கு நேர் கீழே வரவேண்டும். ஒரே இடத்தில் மடக்காமல், அம்மிக் குழவி மாதிரி உருண்டையான எதன்மீதாவது வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தால் விரிசல் விடாது.

செல்போன் பிடிப்பான்: செல்போன் கடையில், ஸ்டாண்டில் மாட்டுகிற பிடிப்பான் தனியாகவே கிடைக்கும். அடியில் மரையுள்ள துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

போல்ட்: நான் ஏமாந்த இடம் இதுதான். பிடிப்பானுக்குச் சரியாக இருக்கும் என்று 6 மில்லிமீட்டர் போல்ட் ஆறு வாங்கி வந்தேன். ஒன்றிரண்டு சுற்று உள்ளே போயிற்று. பிறகு இறுகி நின்றுவிட்டது. பலமாகத் திருகியதில் பிடிப்பானின் மரை போய்விட்டது. புதிது வாங்கவேண்டியதாயிற்று.

விஷயம் என்னவென்றால், காமிராவின் அடியில் இருக்கும் துளை உலகம் முழுவதும் கால் அங்குல அளவுதான். அங்குலத்துக்கு 20 மரை. 6 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதே மாதிரி இருந்தாலும் கொஞ்சம் ஒல்லி, மரையும் நெருக்கம். 1841-ல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் வகுத்த பழைய அளவிலேயே கால் அங்குல போல்ட்டுக்கு 20 மரைதான். அந்தப் போல்ட்டை நம் கடைகளில் 'பி.எஸ்.டபிள்யூ' என்பார்கள். அமெரிக்க மரையோடு அதன் சரிவில் மட்டும் சிறிது வித்தியாசம். நம் வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. "கால் இஞ்ச், பி.எஸ்.டபிள்யூ, அரை இஞ்ச் நீளம்" என்று கேளுங்கள். பிடிப்பானையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே கையால் திருகிப் பாருங்கள். விரலால் திருகியே நாலைந்து சுற்று சுலபமாகப் போனால் சரியான போல்ட்.

மூட்டு: இதற்குத்தான் அலைந்தேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் எல்லாம் சக்கரக் காலணியின் பேரிங், பொம்மைக் காரின் மூட்டு என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தெரு டூவீலர் மெக்கானிக் தம்பியிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பார்த்த உடனே, "இது கியர் லிங்க்குல வருமேக்கா, பால் ஜாயின்ட்டு" என்றார். சில மோட்டார் சைக்கிள்களில் கியர் மிதியை எஞ்சினோடு இணைக்கிற கம்பியின் முனையில் ஒரு சின்னப் பந்து மூட்டு இருக்கிறது. பந்தின் தண்டு ஒரு பக்கம் நிற்க, அதன் கிண்ணம் எல்லாப் பக்கமும் சாய்ந்து கொடுக்கும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கச் சென்னைக்குப் போனபோது, குழந்தையையும் அவரையும் எழும்பூர் ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டு, பழைய வண்டிச் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டைக்கு நடந்தேன். "எந்த வண்டிக்கும்மா?" என்று கேட்டார் கடைக்காரப் பெரியவர். "வண்டிக்கு இல்லீங்க, காமிராவுக்கு" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, லூஸாக ஆடாமலும் இறுக்கமாகப் பிடிக்காமலும் இருந்த ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தார். "பொண்ணு நல்லா நடக்கட்டும்மா" என்றார்.

அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். வழுவழுவென்று திரும்ப ஆரம்பித்தது.

கைப்பிடி: விரிசல் விட்ட பழைய பூரிக்கட்டையில் நாலு அங்குலத் துண்டு. முனையில் துளை போட்டு ஒரு போல்ட்டைத் தலை உள்ளே இருக்கும்படி பசை போட்டு நிறுத்தினேன். வெளியே நீட்டிய மரையில் மூட்டின் கிண்ணம் திருகி உட்கார்ந்துகொண்டது. அந்த மரை 6 மில்லிமீட்டர்! வீண் என்று நினைத்த போல்ட்டுகளில் ஒன்று இதற்கு உதவியது.

எடை: உடற்பயிற்சித் தட்டு எதற்கு? கடைகளில் மின்னணுத் தராசு வந்த பிறகு பழைய எடைக்கற்கள் காயலான் கடைகளில் சீந்துவாரில்லாமல் கிடக்கின்றன. 200, 100, 50 கிராம் கற்களில் ஒவ்வொன்று வாங்கினேன். பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டினால் நகராது. சின்னச் சின்னத் திருத்தங்களுக்குப் பெரிய வாஷர்கள் பத்து.

எல்லாம் சேர்ந்து 400 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. மூலையில் நிற்கிற இரும்புக் குழாய் கணக்கில் சேரவில்லை. அதில் இப்போது ரோஜாச்செடி சாய்ந்திருக்கிறது.

பூட்டுவதும் சமன் பார்ப்பதும்

பட்டையின் மேல் முனையில் ஒரு துளை. அதில் பந்து மூட்டின் தண்டைக் கீழிருந்து நுழைத்து நட்டு போட வேண்டும். கிண்ணம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பிடி தோசைக்கல்லின் பிடி மாதிரி அமையும். மூட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி, பிடிப்பானுக்காக ஒரு நீளத் துளை. நீளமாக இருந்தால்தான் பிடிப்பானை முன்னே பின்னே நகர்த்த முடியும். துளைகளை அந்த அலுமினியக் கடையிலேயே போட்டுக் கொடுத்தார்கள்.

முதலில் 200 கிராம் கல்லைக் கீழே கட்டினேன். நடந்து பார்த்தால் கோயில் மணி மாதிரி ஊசலாடிற்று. கனம் கூடினால் நல்லது என்பது தப்பு. கீழே கனம் மிஞ்சினால் ஊஞ்சல்; மேலே கனம் மிஞ்சினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். கீழ்ப்பக்கம் ஒரு சிட்டிகைதான் கூடுதலாக இருக்கவேண்டும், சமையலில் உப்பு மாதிரி.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கைப்பிடியை ஆடாமல் பிடித்துக்கொண்டு, கருவியை மூட்டு இடம் கொடுக்கும் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக விடுங்கள். படக்கென்று நிமிர்ந்தால் கீழே எடை அதிகம், குறைக்க வேண்டும். நிமிராமலே சாய்ந்து நின்றால் எடை போதவில்லை. "ஒன்று, இரண்டு" என்று நிதானமாக எண்ணுவதற்குள் சாவகாசமாக நிமிர்ந்தால் அதுதான் பக்குவம். எனக்கு 50 கிராம் கல்லும் ஐந்து வாஷரும் சரியாக இருந்தது. உங்கள் செல்போனின் கனத்தைப் பொறுத்து இது மாறும். முன்னோ பின்னோ சாய்ந்தால் பிடிப்பானை நகர்த்துங்கள். இடமோ வலமோ சாய்ந்தால் செல்போனைப் பிடிப்பானுக்குள் நகர்த்துங்கள். எல்லாம் சரியானபின் ஒரு கோடு போட்டு அடையாளம் வைத்துக்கொண்டால், அடுத்த முறை மறுபடி தேட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கருவி லேசாக இருப்பதால் காற்று பட்டாலே திரும்பிவிடும். படம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

அத்தை சொல்லிக் கொடுத்த நடை

இவ்வளவும் செய்த பிறகும் படம் மேலும் கீழுமாகக் குதித்தது. மூட்டு சாய்வதைத்தான் தடுக்கும். நாம் அடி வைக்கும்போது உடம்பே ஏறி இறங்குவதை அது தடுக்காது. அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

பார்த்துக்கொண்டே இருந்த என் மாமியார் எழுந்து வந்தார். "நீ கொட்டி கொட்டி நடக்கிறே. நாங்க ரெண்டு குடம் தண்ணி ஒரு மைல் தூக்கியாருவோம், ஒரு சொட்டு தளும்பாது. முட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்க. அடியைச் சின்னதா வை. இடுப்புக்கு மேலே அசையக்கூடாது" என்று நடந்து காட்டினார். எழுபது வயதிலும் அந்த நடை அவர் காலில் இருந்தது.

ஒரு வாரம் தாழ்வாரத்தில் தளும்பத் தளும்பச் சொம்புத் தண்ணீரை ஏந்தி நடந்து பழகினேன். முழங்கை மடங்கித் தளர்வாக இருந்தால், கையே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. என் பின்னாலேயே என் மகளும் ஒரு டம்ளர் தண்ணீரோடு நடந்தாள். பாதி கொட்டினாள், அது வேறு விஷயம்.

படம் எடுக்கும்போது

குழந்தையின் நடையை டாக்டருக்காக எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

முழங்கால் தெரியும்படி அரை நிஜார் போடுங்கள். வெறுங்காலில் ஒரு முறை, ஸ்ப்ளின்ட் அல்லது காலணியோடு ஒரு முறை எடுங்கள்.

காமிரா குழந்தையின் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். நம் உயரத்திலிருந்து எடுத்தால் பாதம் சரியாகத் தெரியாது. இந்தக் கருவியைக் கையைத் தழைத்துப் பிடித்தால் தானாகவே அந்த உயரம் வந்துவிடும்.

தலை முதல் பாதம் வரை தெரியவேண்டும். இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் தனித்தனியாக எடுங்கள்.

"நேரா நட, குதிகாலை வை" என்று சொல்லிக்கொண்டே எடுக்காதீர்கள். எப்போதும் நடப்பது போல நடக்கட்டும். எதிர் முனையில் பாட்டியோ பொம்மையோ இருந்தால் போதும்.

பகல் வெளிச்சத்தில் எடுங்கள். செல்போனில் மெதுவாக ஓடும்படி எடுக்கும் வசதி இருந்தால், அதிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

படத்தை டாக்டருக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும் அனுப்புங்கள். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பி, ஆளுக்கொரு வைத்தியம் கேட்க வேண்டாம். குழந்தைக்கும் மானம் உண்டு.

நடை பழகும் புதிதில் பல குழந்தைகள் நுனிக்காலில் நடப்பதுண்டு. அநேகமாகத் தானே சரியாகிவிடும். மூன்று வயதுக்குப் பிறகும் தொடர்ந்தாலோ, கால் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் அப்படி இருந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டாக்டர் பார்த்தது

புதுக் கருவியில் எடுத்த படத்தை அனுப்பிய மறுநாள் டாக்டரே கூப்பிட்டார். "இப்பதாம்மா தெரியுது. வலது கால் பரவாயில்லை. இடது காலில் முதல் ஏழெட்டு அடி குதிகால் படுது. அப்புறம் களைச்சுப்போய் நுனிக்கு வந்துடுது. நீங்க அனுப்பின மெதுவான படத்திலே அடி அடியா எண்ணினேன்" என்றார். இங்கே அவர் அறையில் அவள் நடப்பது அந்த முதல் ஐந்தாறு அடிதானே! பிறகு என்ன ஆகிறது என்பதை அவர் பார்த்ததே இல்லை.

ஊசியை இப்போதைக்குத் தள்ளிவைத்தார். இடது காலுக்குப் பகலிலும் போடும்படி ஸ்ப்ளின்ட்டை மாற்றிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஊசி வேண்டியிருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் முடிவு எடுக்கிறவர் பார்த்து எடுக்கிறார். அந்த நிம்மதி எனக்குப் போதும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்த படத்தில் நான் உட்கார்ந்து எண்ணினேன். இடது கால் பதினோரு அடி.

"அம்மா, இன்னொரு தடவை நடக்கட்டுமா?" என்று கேட்டாள். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கருவியைக் கையில் எடுத்தேன்.